இடக்கை முடிச்சு

ஜாக்சன் இறந்துவிட்டான் என்று ஊருக்கு முதலில் அறிவித்தவன் சிவப்பிரகாஷ். இத்தனைக்கும் அவனுக்கு ஜாக்சனைத் தெரியாது.

தூத்துக்குடி பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் வன்னியபெருமாள் அண்ணாச்சி நடத்தும் ஃபிளக்ஸ் கடையில் அவன் டிசைனர். காதுகுத்தா, கல்யாணமா, கண்ணீர் அஞ்சலியா, எதுவானாலும் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தால் போதும். மேகம் ஒரு பக்கம், மெழுகுவர்த்தி ஒரு பக்கம், நடுவில் முகம், முகத்துக்குக் கீழே நாலு வரி. டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான்.

அந்த நாலு வரியால்தான் கடைக்குப் பேர். கவிதை நன்றாக இருக்கும் என்று ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் பெரியதாழையிலிருந்தும் தேடி வருவார்கள். உண்மையில் அவன் எழுதிவைத்திருந்த கவிதைகள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அப்பாக்களுக்கு ஒன்று, அம்மாக்களுக்கு ஒன்று, பைக்கில் போய் விழுந்த பையன்களுக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரில் தயாராகக் கிடந்தன. கூப்பிடுகிற சொல்லை மட்டும் மாற்றினால் ஆயிற்று.

சத்தியராஜ் போட்டோ அனுப்பியபோதும் அதைத்தான் செய்தான். சத்தியராஜ், திரேஸ்புரத்தில் ஒரு கால்பந்து கிளப்பின் கேப்டன். எங்கள் கோல்கீப்பர் ஜாக்சன் கடலில் போய்விட்டான், கிளப் பெயர் கீழே பெரிதாக வரவேண்டும், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று செய்தி வந்தது. சிவப்பிரகாஷ் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை. கடல் சாவு என்பதால் அலை வருகிற கவிதையை எடுத்தான். 'அப்பா' இருந்த இடத்தில் 'நண்பா' என்று போட்டான்.

அலை ஓய்ந்து போகும் ஒருநாள்
எம் அழுகை ஓயாது நண்பா
நிலவாகிப் போன நீயே
நெஞ்சோரம் வாழ்வாய் என்றும்

மறுநாள் காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் சுருட்டிய ஃபிளக்ஸ். கம்பத்திலிருந்து பிய்த்து இழுத்ததில் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. கடைக்கு நடுவில் அதை விரித்துப் போட்டாள். மேகம், மெழுகுவர்த்தி, ஜாக்சன்.

"இதை எழுதுனது யாரு?"

ஃபிளக்ஸ் ஓரத்தில் கயிறு கட்டும் வளையங்களை அடித்துக்கொண்டிருந்த முத்துக்கனி சுத்தியலை நிறுத்தினாள். சிவப்பிரகாஷ் எழுந்தான். பாராட்ட வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். அப்படியும் ஆட்கள் வருவது உண்டு.

அவள் பெயர் எமில்டா. ஜாக்சனின் மனைவி. என் புருஷன் செத்துவிட்டதாக உங்களிடம் யார் வந்து சொன்னது என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சில நாட்களுக்கு முன் மூன்று பேர் போன வள்ளம் காற்றில் கவிழ்ந்திருக்கிறது. டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்த இரண்டு பேரை வேறொரு படகு தூக்கி வந்துவிட்டது. ஜாக்சன் மட்டும் கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காதவரை ஊர்ப் படகுகள் தங்கள் தொழிலை விட்டுவிட்டுத் தேடப் போகும். யாரும் உத்தரவு போடுவதில்லை. தானாகப் போகும். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். நேற்று மாலை தெருமுனையில் இந்தப் படம் ஏறியது. கிளப் பையன்கள் பாசத்தில் கட்டியதுதான், வேறொன்றுமில்லை. ஆனால் படம் கட்டியாகிவிட்டது என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். இன்று விடியற்காலையில் படகுகள் எல்லாம் வலையை ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டன.

"என் கொழுந்தனாரே வலையத் தூக்கிட்டுப் போயிட்டாரு அண்ணே," என்றாள் எமில்டா. "ஒங்க படத்தைப் பாத்துக் கும்பிட்டுட்டுத்தான் போனாரு."

சிவப்பிரகாஷ் கிளப்பிலிருந்து ஆர்டர் வந்தது என்று ஆரம்பித்தான். அவள் காது கொடுக்கவில்லை. குனிந்து அந்த நாலு வரிமேல் விரலை வைத்தாள்.

"எங்கப்பா ஜேசுபாதம் செத்தப்பமும் இந்தக் கடையிலதான் போட்டாங்க. இதே பாட்டு. எங்கப்பாவுக்குன்னே எழுதுனதாக்கும்னு பிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கேன். தெனமும் படிப்பேன். நேத்து தெருமுனையில வந்து பாத்தா, எங்கப்பா பாட்டுக்கு மேல எம் புருஷன் மூஞ்சி."

சிவப்பிரகாஷுக்கு ஜேசுபாதத்தை நினைவில்லை. அந்தக் கவிதை ஜேசுபாதத்துக்கு எழுதியதும் இல்லை. அதற்கும் முன்னால், ஸ்ரீவைகுண்டத்தில் வயலும் வரப்புமாக வாழ்ந்து முடித்த ஒரு தலைமையாசிரியருக்காக எழுதியது. அவர் கடலைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். நல்ல வேளையாக அதை அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"இப்பம் என்ன செய்யணும்மா?" என்று கேட்டார் கல்லாவிலிருந்த அண்ணாச்சி.

எமில்டா நேராகச் சொன்னாள். செத்துவிட்டான் என்று எழுதிய அதே கை, இன்னும் தேட வேண்டும் என்று எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டுப் படகுகள் மறுபடி இறங்க வேண்டும்.

அண்ணாச்சி தன் போனில், காணாமல்போனவர்களைப் பற்றி வழக்கமாக வரும் ஓர் அறிவிப்பை எடுத்துக் காட்டினார். இந்த மாதிரி அடித்துவிடலாமே என்றார். ஐந்தரை அடி உயரம், மாநிறம், நீலநிறச் சட்டை. ஜாக்சனுக்கும் அதெல்லாம் பொருந்தத்தான் செய்தது.

"இந்த அடையாளத்துல கடற்கரையில போய் நின்னு கூப்பிட்டா பாதி ஊரு திரும்பிப் பாக்கும் அண்ணாச்சி. அவருக்கு மட்டும் உள்ளதா எழுதணும். வேற எவனுக்கும் பொருந்தக் கூடாது."

சொல்லிவிட்டு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுதி முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அந்த உட்காரலிலேயே தெரிந்தது.

சிவப்பிரகாஷ் திரும்பி கம்ப்யூட்டரைப் பார்த்தான். வெள்ளைப் பக்கம். அதில் கோடு ஒன்று விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

இந்த வெள்ளைப் பக்கத்தோடு அவனுக்குப் பழைய பகை. கல்லூரி மலரில் ஒரு கதை வந்து, பேராசிரியர் ஒருவர் தோளில் தட்டிய நாளிலிருந்து அவன் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தான். துறைமுகத்தைப் பற்றிய நாவல். அதன் முதல் பக்கம் மட்டும் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. இரண்டாம் பக்கம் என்று ஒன்று கிடையாது. கல்யாணம் முடியட்டும் என்றான். பிள்ளை வளரட்டும் என்றான். வீட்டில் ஓர் அறை காலியானால் எழுதிவிடலாம் என்றான். வேறு யாராவது எழுதிய நல்ல கதையைப் படித்தால், இதைவிட நன்றாக எழுத முடியாதென்றால் எழுதுவானேன் என்று மூடிவைத்தான். கடைசியில் பழியெல்லாம் கடை இரைச்சல் மேல் வந்து நின்றது. முத்துக்கனி அவனுக்கு முதப்பக்கம் என்றே பட்டப்பெயர் வைத்திருந்தாள்.

விரலை வைத்தான். ஒரு வரி வந்தது. கடல் அன்னை மடியில் கண்ணுறங்கப் போனவனே. அழித்தான். இன்னொன்று வந்தது. அலைகளே, எங்கள் ஜாக்சனைக் கண்டீர்களா. எமில்டா எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இது யாருண்ணே?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அவன் நாளைக் காலை தந்துவிடுகிறேன், வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுதினால்தான் வரும் என்றான். நாளைக்குள் நீரோட்டம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள். அவனுக்குத் தெரியாது. இந்த மிஷின் சத்தத்தில் மண்டை ஓடவில்லை என்று முணுமுணுத்தான்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தார். கட்சிக்காரர் ஒருவருடைய பிறந்தநாள் ஃபிளக்ஸ் மிஷினில் பாதி ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வாழ்க்கையில் தீபாவளிக்குக்கூட அவர் அந்த மிஷினை நிறுத்தியதில்லை. மூக்குவரை அச்சாகியிருந்த பிரமுகர் அப்படியே தொங்கினார்.

"எழுதுலே," என்றார்.

கடை அப்படி அமைதியாகி சிவப்பிரகாஷ் பார்த்ததே இல்லை. மின்விசிறி கூட நின்றுவிட்டது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது கேட்டது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் இரைந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. இத்தனை வருடம் தன்னைத் தடுத்துக்கொண்டிருந்தது சத்தம் என்று நம்பியிருந்தான். சத்தம் போன பிறகு அங்கே அவன் மட்டும்தான் இருந்தான்.

"முதப்பக்கம் முழிக்கான்," என்று முத்துக்கனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டீ வாங்கப் போனாள்.

டீ வந்தது. எமில்டா டம்ளரை இடது கையால் வாங்கினாள். வாங்கியவள் சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். சின்ன வயதில் அதற்காக அடி வாங்கியிருப்பாள் போல. சிவப்பிரகாஷ் அதைக் கவனித்தான். கவிதை ஒன்றும் உதிக்கவில்லை. வெறுமனே கேட்கத் தோன்றியது. இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை காலத்தில், செத்தவர் வீட்டு ஆளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"நீங்க இடக்கையாம்மா?"

அவள் ஆமாம் என்றாள். அந்தக் கையால் பரிமாறினால் மாமியாருக்குப் பிடிக்காது. ஜாக்சனுக்கு அது ஒரு விளையாட்டு. அவன் கழுத்தில் கிடக்கிற வெந்திங்கம், முதல் நற்கருணைக்கு மாதா கோயிலில் போட்டுவிட்ட துணி மாலை. உப்புத்தண்ணீரில் அதன் நூல்கயிறு இற்றுப் போய்க்கொண்டே இருந்தது. அதனால் எமில்டா வலை முடிகிற பச்சை நைலான் நூலை எடுத்துக் கோத்து, அவளே பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுவிட்டாள். இடக்கைக்காரி போட்ட முடிச்சு எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு நின்றது. ஊர்க் கடலில் உள்ள முடிச்செல்லாம் ஒரு பக்கம், என் பெண்டாட்டி முடிச்சு மட்டும் இன்னொரு பக்கம் என்று சொல்லிச் சிரிப்பானாம். வள்ளத்தில் ஏறுமுன் பின்கழுத்தில் கையைவிட்டு அதை ஒருமுறை தடவிப் பார்ப்பானாம்.

"எப்படிச் சிரிப்பாரு?" என்று கேட்டான் சிவப்பிரகாஷ்.

வாயைப் பொத்திக்கொண்டுதான். முன்பல்லில் பாதி இல்லை, பந்து பட்டு உடைந்தது. பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். அவன் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சுறா கிடக்கிற தண்ணீரில் சங்குக்கு முங்குவான், ஆனால் தெருநாய்க்குப் பயம். அதற்காகவே சட்டைப் பையில் பிஸ்கட் வைத்திருப்பான். சிவப்பிரகாஷ் அவள் சொன்னதைச் சொன்னபடி தட்டிக்கொண்டே போனான். இடையில் ஒரு மேகம் போடத் தோன்றியது. போடவில்லை. முடிவில் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்.

ஜாக்சனைத் தேடுகிறோம். கடலுக்குப் போனவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார். தெருநாய்க்குப் பயந்து சட்டைப் பையில் பிஸ்கட் வைத்திருப்பார்.

கழுத்தில் வெந்திங்கம். அதன் கயிறு பச்சை நைலான் நூல். கட்டியது அவர் மனைவி எமில்டா. எமில்டா இடக்கைக்காரி. அதனால் பின்கழுத்து முடிச்சு எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும்.

படகு வைத்திருப்பவர்கள் இன்னும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவரை உயிரோடு பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எமில்டா வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"உயிரோடன்னு மட்டும் போடாதீங்க," என்றாள். "எப்படிப் பாத்தாலும்னு போடுங்க."

சிவப்பிரகாஷ் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவள் சொன்னதைப் போட்டான்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தார். என்னலே இது, எழுத்து மாதிரியே இல்லை, பேச்சு மாதிரி இருக்கிறதே என்றார். சிவப்பிரகாஷுக்கும் அதுதான் பயம். எழுதியது முழுக்க உரித்த கோழியைப் போலக் கிடந்தது. கடைசியில் நாலு வரி கவிதை சேர்த்தால் மூடிய மாதிரி இருக்கும் என்று எமில்டாவிடம் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். போன் எண்ணாக யாருடையதைப் போடுவது என்ற கேள்வி வந்தது. துக்கம் விசாரிக்கிற போன்களுக்கே பதில் சொல்ல முடியவில்லை, உங்கள் எண்ணையே போடுங்கள் என்றாள். போட்டான்.

சுவிட்ச் ஏறியது. பிரமுகரின் மூக்குக்குக் கீழே மீசை வந்தது. முத்துக்கனியும் எமில்டாவும் சில தாள்களை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் மீன் இறங்குதளங்களுக்குப் போனார்கள். போனில் போனது அதைவிட வேகம். மத்தியானத்துக்குள் பெரியதாழை முதல் வேம்பார் வரைக்கும் மீனவர் குழுக்களில் சுற்றிவிட்டது. எமில்டாவின் கொழுந்தன் கரையேறியதும் அதைப் படித்திருக்கிறார். மீனைக்கூட இறக்கவில்லை. அப்படியே வள்ளத்தைத் திருப்பிவிட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள்.

சிவப்பிரகாஷ் அன்று மதியச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டான். அந்த ருசி கை கழுவுகிற வரைக்கும் நிற்கவில்லை.

சத்தியராஜ் கடைக்குள் நுழைந்தபோதே முகம் சிவந்திருந்தது.

"கடல்ல போனவனை நாய்க்குப் பயந்தவன்னு எழுதியிருக்கீங்களேண்ணே. எதிர் டீம்காரன் அதை எடுத்துப் போட்டுச் சிரிக்கான். நாங்க கேட்டது கவிதை. நீங்க அவன் மானத்தை வாங்கிட்டீங்க."

போனை நீட்டினான். யாரோ அந்த அறிவிப்பைப் பகிர்ந்து, கீழே நாய் படமும் பிஸ்கட் படமும் போட்டிருந்தார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழியும் மஞ்சள் முகங்கள் வரிசையாக இருந்தன. இடக்கைக்காரியைக் கட்டினால் இதுதான் கதி என்று ஒருவன் எழுதியிருந்தான்.

இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் சிவப்பிரகாஷ் இரண்டாம் பக்கத்துக்கே போகாமல் இருந்தான். நிலவு, அலை, நெஞ்சோரம் என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதில் சிரிப்பதற்கு ஆளே கிடையாது. இதில் ஜாக்சன் உடைந்த பல்லோடு நின்றான். எமில்டா இடது கையோடு நின்றாள். இரண்டு பேரையும் நடுத்தெருவில் நிறுத்தியது அவன்.

சத்தியராஜ் நகரவில்லை. மாற்றிப் போடுங்கள் என்று நின்றான். சிவப்பிரகாஷ் கம்ப்யூட்டருக்குத் திரும்பினான். நாய் வரியை எடுத்தான். பல் வரியை எடுத்தான். முடிச்சு வரிக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினான். பிறகு அதையும் எடுத்தான். ஐந்தரை அடி, மாநிறம், நீலநிறச் சட்டை என்று கௌரவமாக ஒன்று உருவானது. முந்தைய அறிவிப்பைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தலைப்பில் சேர்த்தான். அனுப்புவதற்குப் போனைக் கையில் எடுத்தபோது அது அடித்தது. தெரியாத எண்.

கீழவைப்பாரிலிருந்து பெவின் என்று ஒருவர் பேசினார். கட்டுமரம் வள்ளம் எல்லாம் பழகியவர் போலக் கனத்த குரல்.

"நீங்க போட்டிருக்க முடிச்சைப் பத்திக் கேக்கணும்."

சிவப்பிரகாஷ் சொல்லுங்கள் என்றான்.

விடியற்காலையில் பெவினும் அவருடைய கூட்டாளிகளும் வலையை இழுத்து வாங்கும்போது நீலச் சட்டையோடு ஓர் உடல் கிடைத்திருக்கிறது. போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள். அதே காற்றில் ராமேஸ்வரம் பக்கத்து ஆள் ஒருவரும் காணாமல்போயிருந்தார். அவரும் நீலச் சட்டைதான். இது அவர்தான் என்று எல்லோரும் முடிவு செய்து தகவலும் போய்விட்டது. அந்தக் குடும்பம் வண்டி எடுத்துக் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டுபோய் அங்கே அடக்கம் செய்துவிடுவார்கள்.

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று சிவப்பிரகாஷ் கேட்டான்.

"மொகம் இல்ல தம்பி," என்றார் பெவின். "ஆனா கழுத்துல பச்சை நூல் கெடந்துச்சு. கரையில தூக்கிப் போடும்போதே நாங்க பாத்தோம். எந்தக் கோட்டிக்காரன் இப்படித் தலைகீழா முடிச்சுப் போட்டான்னு பேசிக்கிட்டோம். வலை முடியுதவன் கைக்கு அது தடவுனாலே தெரிஞ்சு போவும். ஒங்க எழுத்தைப் படிச்சிட்டு இப்பம் ஆஸ்பத்திரியில போய்த் திரும்பவும் கேட்டுப் பாத்துட்டேன். எதிர்ப்பக்கந்தான் ஏறுது."

சிவப்பிரகாஷ் போனைக் கீழே வைத்தான். திரையில் அந்தக் கௌரவமான அறிவிப்பு இன்னும் இருந்தது. காலையில் அதைத்தான் அனுப்பியிருந்தால் பெவின் கூப்பிட்டிருக்க மாட்டார். ஜாக்சன் ராமேஸ்வரத்து மண்ணுக்குள் வேறொருவன் பெயரில் போயிருப்பான். எமில்டா தெருமுனையைப் பார்த்தபடி கிழவியாகியிருப்பாள்.

சத்தியராஜுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவப்பிரகாஷின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாவது தடவையும் ஜாக்சன் இறந்ததை அறிவிக்க வேண்டியவன் சிவப்பிரகாஷ்தான். இந்தத் தடவை கம்பத்தில் கட்டிவிட்டு வர முடியாது. முத்துக்கனியையும் அழைத்துக்கொண்டு திரேஸ்புரத்துக்குப் போனான். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். வாயைத் திறக்குமுன் அத்தனை பழைய சொற்களும் வரிசையில் வந்து நின்றன. இறைவனடி, இயற்கை, ஆழ்ந்த, ஆற்றொணா. ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டான்.

எமில்டா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கூடத்துச் சுவரில் பிரேம் போட்ட ஜேசுபாதம் இருந்தார். அவருக்குக் கீழே அந்த நாலு வரி. சிவப்பிரகாஷ் அதைப் பார்க்காமல் நின்றான்.

"கீழவைப்பார்லேர்ந்து போன் வந்துச்சும்மா. பச்சை நூலு. முடிச்சு எதிர்ப்பக்கமாம்."

அவள் அரிசியைக் கீழே வைக்கவில்லை. களைந்த தண்ணீரை வடித்தாள். திரும்பத் தண்ணீர் ஊற்றினாள். திரும்ப வடித்தாள். பிறகு கேட்டாள்.

"யாரும் கழட்டலையே?"

"இல்லம்மா."

"நான் வாரதுவரைக்கும் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

அதன் பிறகுதான் பானை கையை விட்டு விழுந்தது. முத்துக்கனி ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

பிணவறை வாசலில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடந்தது. ராமேஸ்வரத்துக் குடும்பம் வந்து சேர்ந்துவிட்டிருந்தது. தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்ததும் அந்த வீட்டு அம்மா ஒருவித வெறியோடு கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்பது அவருக்கே தெரியாது. எமில்டா அவரைத் தாண்டி உள்ளே போனாள். மாலையைக் கழற்றிச் சரிபார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று அங்கிருந்தவர் சொன்னார். கத்தரிக்கோலை எடுத்தார்.

வெட்ட வேண்டாம் என்றாள் எமில்டா.

முடிச்சு தண்ணீரில் ஊறி இறுகிக் கல்லாகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. கொழுந்தன் உதவிக்கு வந்தார், அவருடைய வலக்கைக்கு அது பிடிபடவே இல்லை. அவள் அவரை விலக்கிவிட்டுக் குனிந்தாள். அந்த வாடையில் எல்லோரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பின்கழுத்தில் வாயை வைத்துப் பல்லால் கடித்து நெம்பினாள். நூல் இளகியது. இடது கையால் மெதுவாக அவிழ்த்தாள். அவர்கள் பார்த்து எழுதி முடித்ததும் திரும்ப அவன் கழுத்தில் போட்டு, அதே மாதிரி எதிர்ப்பக்கமாகக் கட்டினாள்.

வாசலில் நின்ற சிவப்பிரகாஷுக்குள் ஒரு வாக்கியம் எழுந்தது. கடலுக்கு அவிழ்க்கத் தெரியாத முடிச்சு. அது பழைய சரக்கு, நிலவுக்குத் தம்பி என்று உடனே தெரிந்தது. விரட்டிவிட்டான். அது போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

அவள் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும் என்பதும் கூடவே தெரிந்தது. வருடக்கணக்காக வராத இரண்டாம் பக்கம் இந்த இடத்தில், இந்த வாடைக்கு நடுவில் வந்து நின்றது. அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஒருத்தி புருஷன் கழுத்தில் வாயை வைத்து முடிச்சை நெம்புகிறாள், தான் அதைப் பார்த்து வரி சேர்க்கிறோமே என்று தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அந்த வாக்கியத்தை அவன் விரட்டவில்லை.

ஆம்புலன்ஸ் முன்னால் போக, வேனில் பின்னால் வந்தார்கள். உப்பளங்கள் இரண்டு பக்கமும் வெளுத்துக் கிடந்தன. எதிரே உட்கார்ந்திருந்த சத்தியராஜ் யாரும் கேட்காமலே சொன்னான்.

"பெனால்ட்டி அடிக்கும்போது கண்ணை மூடிக்குவாண்ணே. கோல்கீப்பரு கண்ணை மூடலாமா. ஏசுவேன். ஆனா பாதிப் பந்தைப் பிடிச்சிருவான்." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதைப் போடுங்க. அடக்கத்துக்குக் கட்டுத படத்துல. சிரிக்கவன் சிரிக்கட்டும்."

சிவப்பிரகாஷ் போனை எடுத்து அதை எழுதிக்கொண்டான். எழுதியவன் நிறுத்தவில்லை. கீழே இன்னொரு வரி, அதற்குக் கீழே இன்னொன்று என்று விரல் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த முத்துக்கனி எட்டிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் படித்தாள்.

"இது படத்துக்கு உள்ளது இல்லையே," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுது. நெலவை மட்டும் கூட்டிட்டு வந்துராத."

வேன் தெருமுனையில் திரும்பியது. எமில்டா பிய்த்த படம் நின்ற கம்பங்களில் கட்டுக்கம்பிகள் அவிழாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.